திரும்பி வருவதற்கு இரண்டாம் மாடி

மூன்று தடவை இழுத்தும் கிளம்பாத எந்திரம் நாலாவது தடவை கிளம்பினால் அதற்கு நன்றி சொல்வதா, இல்லை ஐந்தாவது தடவையை நினைத்து இப்போதே பயப்படுவதா?

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த எழுத்தர் மூன்று தடவை தொண்டையைக் கனைத்து, நாலாவதில் பேசத் தொடங்கியபோது அவள் மனதில் ஓடியது இதுதான். வாய் சொன்னது வேறு.

"சொல்லுங்க சார்."

"படகு புதுசா?"

"புதுசு சார்."

"எந்த அர்த்தத்துல புதுசு?"

அவளுக்குத் தெரிந்து புதுசுக்கு ஓர் அர்த்தம்தான் இருந்தது. எழுத்தர் அவளுக்காக இரக்கப்பட்டு விதிப் புத்தகத்தைத் திறந்தார். "விதி நாலு. புதிய படகு என்பது இதுவரை கடல்நீர் படாத படகு. பட்டுடுச்சுன்னா பழைய படகு. பழைய படகுக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்ல. அது என்ன மோட்டாரை வேணா மாட்டிக்கிட்டு எங்க வேணா போகட்டும். உங்க படகுல தண்ணி பட்டிருக்கா?"

"இல்ல சார். கரையில கவுத்து வெச்சிருக்கோம்."

"அப்ப எங்ககிட்டதான் வரணும்" என்றார் எழுத்தர், கல்யாண வீட்டுக்காரர் போன்ற மலர்ச்சியுடன்.

அந்த அலுவலகத்தின் முழுப்பெயர் வெளிப்பொருத்து மோட்டார் நம்பகத்தன்மை உறுதிப்பாட்டு வாரியம். பெயர்ப்பலகை கட்டடத்தின் முகப்பில் அடங்காமல் பக்கவாட்டுச் சுவருக்குத் திரும்பியிருந்தது. கரையில் உள்ளவர்கள் சுருக்கமாக நம்பிக்கை ஆபீஸ் என்பார்கள். புதுப் படகில் மாட்டும் எந்த மோட்டாருக்கும் இந்த வாரியத்தின் முத்திரை வேண்டும். முத்திரை இல்லாமல் கடலில் போனால் படகைப் பிடித்து வைத்துக்கொள்வார்கள் என்று சொல்லப்பட்டது. யார் பிடிப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. வாரியத்திடம் படகு இல்லை.

படகு அவள் பெயரில் இருந்தது. அதற்குப் பெரிய கொள்கை எதுவும் காரணமில்லை. பதிவு செய்யப் போன அன்று அவள் கரையில் இருந்தாள், அவள் கணவன் கடலில் இருந்தான்.

அப்படிக் கடலில் இருந்த இன்னொரு நாள்தான் அவளை இங்கே கொண்டுவந்து உட்கார வைத்திருந்தது. போன வருடம் பழைய மோட்டார் நடுக்கடலில் நின்றுபோய், ஒரு பகலும் ஓர் இரவும் அவன் அலை போன போக்கில் போனான். பிறகு யாரோ கயிறு கட்டி இழுத்துவந்தார்கள். வந்து இறங்கியவன் சொன்னது, "பிளக்கு நனைஞ்சிடுச்சு" என்று மட்டும். அந்த ஒரு நாளில் அவள் தன்னைப் பற்றி ஒன்று தெரிந்துகொண்டாள். அவளால் அழ முடியவில்லை, வேண்டிக்கொள்ளவும் முடியவில்லை. காதை மட்டும் தீட்டி வைத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு மோட்டார் சத்தமும் வந்தது, அவனுடையது வரவில்லை. அதற்குப் பிறகு நம்பகம் என்ற சொல்லை யாராவது சாதாரணமாகச் சொன்னால் அவளுக்குக் காது கூசியது. தெரியாத இடத்தில்தான் நம்ப வேண்டியிருக்கிறது. மோட்டார் விஷயத்தில் அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

மீன்பிடிக் காலம் தொடங்க நாற்பது நாள் இருந்தது.

எழுத்தர் படிவத்தை நீட்டினார். ஏழாவது கேள்வி: பயணத் திசை. முன்னோக்கி, பின்னோக்கி. ஒன்றை மட்டும் குறிக்கவும்.

"ரெண்டும் வேணுமே சார்."

"ரெண்டையும் குறிச்சா பேராசைன்னு மேல நினைப்பாங்க. முதல்ல போறதுக்கு வாங்குங்க. திரும்பி வர்றதுக்கு இரண்டாம் மாடியில தனிப் பிரிவு இருக்கு."

"திரும்பி வர்றதும் முன்னாடி போறதுதானே சார்? படகைத் திருப்பிட்டு வருவோம்."

எழுத்தர் பேனாவைக் கீழே வைத்தார். "திருப்பிட்டா?" என்றார் மெதுவாக. பதினோரு வருட சேவையில் இந்த யோசனை அவரை வந்தடைந்ததில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஒரு கணம் அவர் கண் ஜன்னலுக்கு வெளியே போனது. பிறகு கடமை அவரைத் திரும்ப இழுத்தது. "அது கொள்கை சம்பந்தப்பட்ட விஷயம். நீங்க மாடிக்குப் போய்ட்டு வாங்க."

இரண்டாம் மாடியில் கதவு பூட்டியிருந்தது. அதில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது: 'திரும்பி வருதல் பிரிவு அலுவலர் வெளியே சென்றுள்ளார்.'

வராந்தாவைத் துடைத்துக்கொண்டிருந்த பெண்மணி நிமிர்ந்து பார்த்தாள். "போனவருதாம்மா. ரெண்டு வருஷமாச்சு."

*

அடுத்த வாரம் பரிசோதனைக் கூடத்துக்கு வரச் சொன்னார்கள். துணைக்கு நாத்தனார் வந்தாள். கணவனின் தங்கை, மீன் தரம் பிரிக்கும் கொட்டகையில் வேலை, வாய் மட்டும் சம்பளமில்லாமல் கூடுதல் நேரம் உழைக்கும்.

கூடம் பெரியது. தரையில் நீலச் சாயம் அடித்து, அதன்மேல் வெள்ளையாக அலைகள் வரைந்திருந்தார்கள். சுவரோரம் கண்ணாடிப் பெட்டிகளுக்குள், வாரியம் முத்திரை குத்திய ஆறு மோட்டார்கள் பளபளத்தன. தொழில்நுட்ப அலுவலர் வெள்ளைக் கையுறையோடு வந்தார்.

"தண்ணி எங்க சார்?" என்றாள் நாத்தனார்.

"முன்னாடி தொட்டி இருந்துச்சு. தரை பாழாகுதுன்னு எடுத்துட்டோம்." அவர் மூன்றாவது பெட்டிக்கு முன்னால் நின்று குரலைத் தாழ்த்தினார், தூங்கும் குழந்தை பக்கத்தில் பேசுவதைப்போல. "இதைப் பாருங்க. பதினோரு வருஷம். ஒரு பழுது இல்ல. ஒரு புகார் இல்ல. ஒரு ஸ்க்ரூ கழண்டதில்ல. வாரியத்தோட மிக உயர்ந்த மதிப்பெண் இதுக்குத்தான். நூத்துக்கு நூறு."

அவளுக்கு மரியாதை உண்டாயிற்று. "ஓட்டும்போது சத்தம் எப்படி சார் இருக்கும்?"

"ஓட்டும்போதா?"

"ஸ்டார்ட் பண்ணிக் காட்டுங்களேன்."

அலுவலர் கையுறையைச் சரிசெய்துகொண்டார். "அம்மா, ஸ்டார்ட் பண்ணினா எப்படிப் பழுதாகாம இருக்கும்? மோட்டார் கெடுறதுக்குக் காரணம் என்னன்னு நாங்க அஞ்சு வருஷம் ஆராய்ச்சி பண்ணோம். எல்லாக் காரணமும் கடைசியில ஒரே இடத்துல போய் முடியுது: உபயோகம். அதைத் தவிர்த்துட்டா மோட்டார் ரொம்ப நல்ல பொருள்."

"எங்க அப்பாவும் அப்படித்தான் சார்" என்றாள் நாத்தனார். "வேலைக்கே போகல. கடைசி வரைக்கும் தேயவே இல்ல."

அலுவலர் அதைக் குறித்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் நாத்தனார் சிரித்துச் சிரித்து மதிலைப் பிடித்துக்கொண்டாள். அவளும் சிரித்தாள். சிரிக்கும்போதே உள்ளே ஒன்று ஒட்டாமல் நின்றது. ஒரு நிமிடம், கண்ணாடிக்குள் இருந்த அந்த மோட்டாரின் பளபளப்பில், அவளும் மயங்கத்தானே செய்தாள்? பழுதே இல்லாத ஒன்று உலகத்தில் இருக்கிறது, அதை வாங்கிவிட்டால் இனிமேல் காதைத் தீட்டி வைத்துக்கொண்டு உட்கார வேண்டாம் என்று ஒரு நிமிடம் ஆசைப்படத்தானே செய்தாள்? அந்த ஆசையை அந்த வெள்ளைக் கையுறை எங்கிருந்தோ மோப்பம் பிடித்திருந்தது. அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

*

கரையில் மோட்டார் பழுது பார்க்கிறவருக்கு முனகல் என்று பெயர். கையில் ஸ்பேனர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் முனகிக்கொண்டிருப்பார். அவள் போனபோது ஒரு கார்புரேட்டரைப் பிரித்துப் போட்டு அதனிடம் முனகிக்கொண்டிருந்தார்.

"எந்த மோட்டார் நல்லதுன்னு கேட்டு வந்திருந்தா அப்படியே திரும்பிப் போயிடு தங்கச்சி. நல்ல மோட்டாரைக் காட்டிக்கொடுத்தா என் வயித்துல நானே அடிச்சிக்கிற மாதிரி."

"அதைக் கேக்கலண்ணே. உங்களுக்கு ரொம்பப் பிடிக்காத ஆள் யாருன்னு கேக்க வந்தேன்."

முனகல் நிமிர்ந்தார். வாழ்க்கையில் முதல்முறையாகச் சரியான கேள்வியைச் சந்தித்தவர்போல இருந்தார்.

"வேற யாரு, அந்தக் கருமிதான். கரை வரிசையில கடைசிப் படகுக்காரன். எட்டு வருஷம் தங்கச்சி, எட்டு வருஷம். ஒரே மோட்டாரு. வருஷத்துக்கு ரெண்டு தடவை பிளக்கு வாங்க வருவான், அதையும் அவனே மாட்டிப்பான். தினம் கரைக்கு வந்ததும் நல்ல தண்ணி ஊத்திக் கழுவுவான், பச்சக் குழந்தையைக் குளிப்பாட்டுற மாதிரி. எதிர்ல பாத்தா வணக்கம் வேற சொல்லுவான். எரியுமா எரியாதா?"

"என்ன மோட்டார்ணே அது?"

முனகல் சொன்னார். வேகம் குறைந்தது, பார்க்க லட்சணமில்லாதது, சாயம் உரிந்தால் உரிந்ததுதான் என்று திட்டிக்கொண்டே சொன்னார். மூடியைத் திறந்தால் ஒவ்வொரு பாகத்துக்கும் கை போகும் என்பதையும், உதிரிபாகம் பக்கத்துக் கடையிலேயே கிடைக்கும் என்பதையும் குற்றச்சாட்டாகவே சொன்னார். "நடுக்கடல்ல நின்னாக்கூட உன் வீட்டுக்காரரே கழட்டி மாட்டிக் கிளப்பிடுவாரு. அப்புறம் நான் எதுக்கு?"

அவளுக்கு அந்த மோட்டாரை ஏற்கெனவே தெரிந்திருந்தது. பேரைத்தான் இப்போது கேள்விப்பட்டாள். விடிகாலைப் பனிமூட்டத்தில் படகுகள் கண்ணுக்குத் தெரியும் முன்பே கொட்டகைப் பெண்கள் சத்தத்தை வைத்து ஆளைச் சொல்லிவிடுவார்கள். இது இருமுவது, இது பல்லைக் கடிப்பது, இது வந்துகொண்டே இருக்கும்போது நின்று நின்று யோசிப்பது. கருமியுடையது மட்டும் தணிந்த குரலில், ஒரே சீராக, பக்கத்து வீட்டில் யாரோ தூளியாட்டுவதுபோல வரும். கணவன் வராத அந்த ஒரு நாளில் அந்தச் சத்தம் போனது, வந்தது, மறுபடி தேடப் போனது, மறுபடி வந்தது. கடைசியில் கயிறு கட்டி இழுத்துவந்ததும் அதுதான். இதை எப்படி மறந்திருந்தாள் என்று நினைத்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது. தணிந்து வருகிறவற்றை மனம் எளிதில் மறந்துவிடுகிறது.

*

மூன்றாவது முறை வாரியத்துக்குப் போனபோது அதன் குழு முன்னால் நின்றாள். தலைவர் நடுவில், தொழில்நுட்ப அலுவலர் வலப்பக்கம். இடப்பக்க நாற்காலி திரும்பி வருதல் பிரிவு அலுவலருக்காகக் காலியாக விடப்பட்டிருந்தது. அதற்கு முன்னாலும் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்திருந்தார்கள்.

அவள் தனக்கு வேண்டிய மோட்டாரைச் சொன்னாள். ஏன் என்றும் சொன்னாள்.

தலைவர் பொறுமையாகக் கேட்டார். "இதெல்லாம் கரையில இருக்கிறவங்க அபிப்ராயம். நாங்க அனுபவத்தை ஏத்துக்கிறதில்ல. அனுபவம் ஆளுக்கு ஆள் மாறும். விதி மாறாது. உங்களுக்கு மூணாம் எண் மோட்டார் ஒதுக்கியிருக்கோம்."

"சார், அதோட தண்டு குட்டை. எங்க படகோட பின்பலகை உசரம். மாட்டினா விசிறி தண்ணியைத் தொடாது. காத்துலதான் சுத்தும்."

தலைவர் அலுவலரைப் பார்த்தார். அலுவலர் கணக்குப் போட்டுவிட்டு முகம் மலர்ந்தார். "அது இன்னும் நல்லது சார். காத்துல சுத்தினா தேய்மானம் இல்ல. வலை சிக்காது. உப்பு அரிக்காது. நூத்துக்கு நூறுக்கு மேல மதிப்பெண் குடுக்க விதி இடம் தந்தா குடுக்கலாம்."

"படகு நகராதே சார்."

"படகு நகர்றது படகோட விஷயம்" என்றார் தலைவர். "நாங்க மோட்டார் வாரியம். படகு உசரமா இருந்தா அறுத்துக்குங்க. அம்மா, ஒண்ணு சொல்றேன், மனசுல வெச்சுக்குங்க. கடல்ல தினமும் எத்தனையோ மோட்டார் நிக்குது. அதுல ஒண்ணாவது எங்க மோட்டார்னு யாராவது சொல்ல முடியுமா? இந்த வாரியம் சான்று குடுத்த மோட்டார் ஒண்ணுகூட இன்னைய தேதி வரைக்கும் கடல்ல நின்னதில்ல. ஏன்னா ஒண்ணுகூடக் கடலுக்குப் போனதில்ல. இந்தப் பெருமையை எவ்வளவு கஷ்டப்பட்டுக் காப்பாத்திட்டு வர்றோம் தெரியுமா?" அவர் குரல் தழுதழுத்தது. "மூணாம் எண்ணை எடுத்துக்குங்க. இல்லன்னா அடுத்த வருஷம் புதுசா விண்ணப்பியுங்க."

காலம் தொடங்க ஆறு நாள் இருந்தது.

*

அன்று சாயங்காலம் கவிழ்த்து வைத்திருந்த படகின்மேல் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். கணவன் பின்பலகையை விரலால் அளந்துகொண்டிருந்தான், அறுப்பதற்கு இல்லை, ஆறுதலுக்கு.

"ஒரு வருஷம் அடுத்தவன் படகுல கூலிக்குப் போறேன்" என்றான். அன்று அவன் பேசியதிலேயே நீளமான வாக்கியம் அதுதான்.

"இந்தப் படகு?" என்றாள் நாத்தனார். "கொலு பொம்மை மாதிரி வெச்சுப் பாத்துக்கிட்டு இருக்கறதா? எப்ப அண்ணி இது பழசாகறது?"

அவள் நாத்தனாரைப் பார்த்தாள். எழுத்தரின் குரல் காதுக்குள் மூன்று தடவை கனைத்தது.

"இப்ப" என்றாள்.

"என்னது இப்ப?"

"பழசாக்கலாம். துடுப்பு எங்க இருக்கு?"

விதியில் மோட்டாருக்குத்தான் முத்திரை. துடுப்பைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. கணவன் எழுந்துபோய் நாலு பேரைக் கூட்டிவந்தான். படகை நிமிர்த்தித் தள்ளினார்கள். அது தண்ணீரைத் தொட்ட இடத்தில் சின்னதாக ஒரு சத்தம் வந்தது, சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்ததுபோல. அவளும் நாத்தனாரும் ஆளுக்கொரு துடுப்பாக வலித்துக்கொண்டு அலை உடையும் இடம் தாண்டிப் போனார்கள். நாத்தனார் தப்பான பக்கம் வலித்ததால் படகு இரண்டு முறை வட்டமடித்தது. கரையில் நின்றவர்கள் கேலி செய்தார்கள். முனகல்கூடச் சிரித்தார்.

"போதுமா அண்ணி? பழசாயிடுச்சா?"

"இன்னும் கொஞ்சம். சந்தேகம் வரக்கூடாது."

பிறகு படகைத் திருப்பிக்கொண்டு முன்னோக்கித் திரும்பி வந்தார்கள்.

மறுநாள் காலை படகின் அடித்துளை அடைப்பானை ஈரத்துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு எழுத்தர் முன் நின்றாள். "படகு பழசாயிடுச்சு சார்."

எழுத்தர் அடைப்பானை வாங்கி முகர்ந்தார். போதாமல், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, நாக்கு நுனியால் தொட்டார். "உப்புத்தான்" என்றார். கோப்பை எடுத்து 'பழையது. வாரிய வரம்புக்கு வெளியே' என்று எழுதி, பதினோரு வருடத்தில் பயன்படாத 'முடிக்கப்பட்டது' முத்திரையை மைப்பெட்டியில் மூன்று தடவை அழுத்தி, நாலாவது தடவை குத்தினார். பிறகு முன்னால் குனிந்தார்.

"அம்மா, என் மச்சான் ஒரு படகு வாங்கியிருக்கான். அதான் கேக்கறேன். எந்த மோட்டார்?"

அவள் சொன்னாள். முனகல் என்ன சொல்லித் திட்டினாரோ அதையும் சேர்த்துச் சொன்னாள்.

*

காலம் தொடங்கி இருபதாம் நாள், தலைவர் கரைக்கு வந்தார். கூடவே தொழில்நுட்ப அலுவலர், புகைப்படக்காரர், ஓர் அட்டையில் செருகிய காகிதம். மணல் புகாமலிருக்க வாரியத்துக்காரர் இருவர் காலணியிலும் பிளாஸ்டிக் உறை. அவள் கொட்டகை வாசலில் மீன் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"உங்க கோப்புதாம்மா" என்றார் தலைவர். "வாரிய வரலாற்றிலேயே முடிஞ்ச முதல் கோப்பு. ஆண்டறிக்கையில போடணும்."

அவர் காகிதத்தைப் படித்தார்: 'வாரியத்தின் வழிகாட்டுதலால் நம்பகமான மோட்டாரைத் தேர்வு செய்தேன். வாரியத்தின் மூன்றாம் எண் மோட்டாரை அனைவருக்கும் பரிந்துரைக்கிறேன்.'

"ஒரு கையெழுத்து. அவ்வளவுதான். உங்களுக்கு ஒண்ணும் குறையாது பாருங்க."

அது உண்மைதான் என்று அவளுக்குப் பட்டது. ஒன்றும் குறையாது. அந்த மனிதர் வெயிலில் வியர்த்துக்கொண்டு நிற்பதைப் பார்க்கப் பாவமாகக்கூட இருந்தது. பதினோரு வருடம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, ஒரு சத்தமும் கேட்காமல் உட்கார்ந்திருப்பது லேசான வேலையில்லை. அவர்கள் அலைக்கழித்ததால்தான் அவள் நல்ல மோட்டாரைத் தேடிப் போனாள், அந்த வகையில் முதல் வாக்கியம் பாதி உண்மைகூட. ஆனால் இந்தக் காகிதத்தை அவருக்காக யாரும் படிக்கப்போவதில்லை. புதுப் படகைக் கவிழ்த்து வைத்துவிட்டு, நம்பிக்கை ஆபீஸில் நாளைக்கு இன்னொருத்தி உட்கார்ந்திருப்பாள். பழுதே இல்லாத ஒன்று கிடைத்துவிடாதா என்று ஒரு நிமிடம் ஆசைப்படுவாள். அந்த ஒரு நிமிடத்தில் அவள் கையில் இது இருக்கும்.

நாத்தனார் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

தலைவர் பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினார். புகைப்படக்காரர் ஒரு கண்ணை மூடிக்கொண்டார்.

கண்ணுக்கு எட்டாத தூரத்திலிருந்து தணிந்த குரலில், ஒரே சீராக ஒரு சத்தம் வந்தது. சற்றுப் பின்னால் அதே மாதிரி இன்னொன்று. முன்னது கருமியுடையது. பின்னது எது என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"கை ஈரமா இருக்கு சார்" என்றாள். உள்ளங்கையில் செதில்கள் மின்னின.

"பரவால்லம்மா. துடைச்சிட்டுப் போடுங்க. காத்திருக்கோம்."

"படகு வந்துட்டே இருக்கு சார். காயாது."

"அப்ப நாளைக்கு வரட்டுமா?"

அவள் பேனாவை வாங்கினாள். மூடியை அவர் இன்னொரு கையிலிருந்து எடுத்து, பொருத்தி, அவர் சட்டைப் பையில் அதன் இடத்தில் செருகினாள். பைமேல் சின்னதாக ஓர் ஈரத்தடம் விழுந்தது.

"நாளைக்கும் ஈரமாத்தான் சார் இருக்கும்" என்று சொல்லிவிட்டு, கூடையை எடுத்துக்கொண்டு தண்ணீரை நோக்கி நடந்தாள்.